கையைக் கட்டி நிற்கும் வேலை

இன்னொரு மனிதரின் குடியை நிறுத்துவதற்காக நான் தாடி வளர்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறர் வாயால் நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொன்னால் கொஞ்சம் மானம் மிஞ்சும்.

குடித்தவர் என் அக்காவின் வீட்டுக்காரர். தாடி என்னுடையது. எழுபதுகளின் நடுப்பகுதி, தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் நேரே வந்து அணைய ஆரம்பித்திருந்த நாட்கள். ஒரு செவ்வாய்க்கிழமை திருச்செந்தூருக்குப் பஸ் ஏறிப் போய், அத்தான் குடியை விடுகிற வரைக்கும் முகத்தில் கத்தி படாது, விட்டதும் இங்கேயே வந்து எடுக்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இந்த ஏற்பாட்டில் அத்தானையும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் மாதம் தாடி பக்தியாக இருந்தது. இரண்டாம் மாதம் அரித்தது. மூன்றாம் மாதத்தில் அது ஊருக்குப் பொதுச் சொத்தாகிவிட்டது. அத்தான் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்ற வசதி எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. டீக்கடை அண்ணாச்சி தம்ளரை நீட்டிக்கொண்டே, "என்னல, இன்னும் ஒரு விரக்கடை கூடியிருக்கு போல. அத்தான் நல்ல சொகந்தானா" என்பார். துறைமுக வாசலில் காவலுக்கு நிற்பவர் என் பாஸில் இருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "இந்தப் படத்துல உள்ளவன் எங்கல" என்று கேட்டார்.

"உள்ளதான் இருக்கான் அண்ணாச்சி. வெளிய வரணும்னா எங்க அத்தான் மனசு வைக்கணும்" என்றேன்.

சாத்தான்குளம் பக்கம் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் தாய்மாமா என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "வீட்டுல ஏதும் துக்கமா" என்றார். "இல்ல, எங்க அத்தான் குடிக்காவ" என்றேன். தட்டில் வைத்த பூந்தி தீர்வதற்கு முன்னால் சம்பந்தம் தீர்ந்துவிட்டது.

என் தாடியைக் குறை சொல்லாத ஒரே ஆள் அத்தான்தான். ஒரு நாள் தலையைச் சாய்த்து ரசித்துப் பார்த்தார். "ஒனக்கு இது நல்லாத்தான் இருக்கு மாப்ள. அவசரப்பட்டு எடுத்துராத" என்றார்.

அத்தான் கப்பலில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். நான் அவருக்குச் சிக்னல் காட்டுகிறவன். அந்த வேலையை மேஸ்திரியிடம் சொல்லி எனக்கு வாங்கிக் கொடுத்ததே அவர்தான். வேலை இப்படி: வின்ச்மேன் கப்பலின் மேல்தட்டில் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சரக்குக் கிடங்கு அவருக்குக் கீழே, கப்பலின் வயிற்றுக்குள், கிணறுபோல ஆழத்தில் இருக்கும். அங்கே நடப்பது அவருக்குத் தெரியாது. கீழே மூட்டைகளைச் சிலிங்கு என்கிற கயிற்றுத் தூளியில் அடுக்குகிறவர்களுக்கு வின்ச் தெரியாது. இரண்டு பக்கமும் தெரிகிற ஒரே ஆள், கிடங்கு வாயின் விளிம்பில் நிற்கும் சிக்னல்காரன். அவன் உள்ளங்கையை மேல்நோக்கி அசைத்தால் ஏற்றம்; கீழ்நோக்கி அசைத்தால் இறக்கம்; முஷ்டி பிடித்தால் சரக்கு அந்தரத்தில் அப்படியே நிற்கும். இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டான் என்றால் வேலையே நின்றது. எங்கள் கும்பலில் அதற்குமேல் பேச்சில்லை. சிக்னல்காரன் கையைக் கட்டியிருக்கும்போது கப்பல் கேப்டனே வந்து கெஞ்சினாலும் வின்ச்மேன் கைப்பிடியைத் தொடமாட்டான்.

நல்ல நாளில் அத்தான் வின்ச் ஓட்டினால் பக்கத்துக் கப்பல் ஆட்கள்கூட வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு சிலிங்கு கோதுமை மூட்டை கரைத்தளத்தைத் தொட்ட சத்தம் கேட்காது. கீழே நிற்பவன் தலையைத் தூக்கிப் பார்த்து, "வந்துட்டா" என்று கேட்பான். அந்த நல்ல நாட்கள் குறைந்துகொண்டே வந்தன.

சர்க்கார் சாராயக் கடைகளைத் திறந்து, மூன்று வருஷத்தில் மூடியபோது, அத்தான் பிழைத்தார் என்று நான் அரைக் கிலோ முந்திரி மக்ரூன் வாங்கிக் கும்பலுக்கெல்லாம் கொடுத்தேன். அத்தானும் மூன்று எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே உப்பளத்துக்கு அந்தப் பக்கம், கள்ளச்சாராயம் காய்ச்சுகிற உடைமரக் காட்டுக்குள்ளிருந்து அவர் ஆடி ஆடி வந்தபோது, சட்டைப் பையில் ஒன்று மிச்சம் இருந்தது. "தொட்டுக்கிடத் தோதா இருந்துது மாப்ள. எந்தக் கடையில வாங்குன" என்றார்.

அதன் பிறகுதான் நான் முழுநேர உத்தியோகமாக அத்தானைக் காப்பாற்ற ஆரம்பித்தேன். காலையில் அவர் வீட்டு வாசலில் சைக்கிளோடு நிற்பேன். துறைமுக வாசலுக்கு முன்னால் இறக்கி, வாயில் ஏலக்காய் போடச் சொல்வேன். பிறகு ரகசியம் சொல்வதுபோல முகத்தருகே குனிந்து மோந்து பார்ப்பேன். ஒரு நாள் மேஸ்திரி இதைப் பார்த்துவிட்டு, "அத்தானும் மாப்ளையும் தெனமும் அப்படி என்னல குசுகுசுக்கிய" என்றார். "குடும்ப விசயம் அண்ணாச்சி" என்றேன். பொய் இல்லை.

ஏறின பிறகு இன்னொரு வித்தை. குடித்த நாளில் அத்தானின் கை ஒரு மூச்சு தாமதிக்கும். நான் முஷ்டி பிடித்த பிறகும் சிலிங்கு அரை முழம் இறங்கித்தான் நிற்கும். ஆகவே நான் ஒரு மூச்சு முன்னாலேயே முஷ்டி பிடிக்கப் பழகினேன். அவருடைய தாமதத்தோடு என்னுடைய முந்தலைச் சேர்த்தால் சரக்கு சரியான இடத்தில் நின்றது. இது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. இல்லை, எனக்கு மட்டும். அத்தானுக்கே தெரியாது. தன் கை நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நம்ப வைத்தவன் நான். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வரவே முடியாத நாட்களுக்கு என் அம்மா பயன்பட்டாள். அத்தானின் மாமியார் என்றால் என் அம்மாதானே. "மாமியாருக்கு ஒடம்புக்கு முடியல அண்ணாச்சி, பாக்கப் போயிருக்காவ" என்று மேஸ்திரியிடம் சொல்வேன். மேஸ்திரி நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். மூன்றாம் தடவை அம்மாவுக்கு முடியாமல் போனபோது, அவர் சாத்துக்குடியும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா பின்முற்றத்தில் உலக்கை போட்டு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். நான் மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினேன். அம்மாவுக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. உலக்கையைச் சுவரில் சாய்த்து, தானும் சாய்ந்து, இருமினாள். அந்த இருமலைக் கேட்டு நானே பயந்துபோனேன்.

மேஸ்திரி உலக்கையைப் பார்த்தார். மாவைப் பார்த்தார். "நோக்காட்டுக்காரிய மாவு இடிக்க விட்டிருக்க. நீயெல்லாம் ஒரு பிள்ளையால" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

அம்மா சாத்துக்குடியை உரித்துக்கொண்டே, "அடுத்த மட்டம் என்ன சீக்குன்னு முன்கூட்டியே சொல்லிரு. அதுக்குத் தக்க இருமணும்லா" என்றாள்.

இப்படி எல்லாவற்றையும் சிரிப்பாகச் சொல்கிறேன். அந்த நாட்களில் சிரிப்பு மேல்தட்டில்தான் இருந்தது, அடியில் வேறு. சாப்பிட உட்கார்ந்தால் காது தெருவில் இருக்கும். யாராவது சைக்கிள் மணி அடித்தால் அக்கா வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டதோ என்று பாதிச் சோற்றில் எழுந்துவிடுவேன். படம் பார்க்கப் போனால் இடைவேளையோடு வெளியே வந்து உடைமரக் காட்டுப் பக்கம் ஒரு நடை நடந்துவிட்டு வருவேன். குடிக்கிறவர் ஒரு இடத்தில் நிம்மதியாகக் கிடந்தார். குடிக்காத நான் ஊரெல்லாம் தள்ளாடிக்கொண்டு அலைந்தேன்.

ஒரு நாள் காலையில் எனக்குக் கடுமையான சளி. மூக்கு இரண்டும் அடைத்துவிட்டது. அதனால் மோப்பம் பார்க்கும் அலுவலகத்துக்கு அன்று விடுமுறை. அத்தானின் கண் சிவந்திருந்தது. வழக்கம்போலத்தான் என்று எண்ணிக்கொண்டு விளிம்பில் ஏறி நின்றேன். கோதுமைக் கப்பல். முதல் சிலிங்கு காலியாகக் கிடங்குக்குள் போய், மூட்டையோடு ஏறி வந்தது. கிடங்கு வாய்க்குச் சற்றுக் கீழே அதை ஒரு கணம் நிறுத்தி, ஆட்டம் அடங்கியதும் மேலே எடுக்க வேண்டும். நான் வழக்கம்போல ஒரு மூச்சு முந்தி முஷ்டி பிடித்தேன்.

அன்று அத்தானின் கை தாமதிக்கவில்லை.

சிலிங்கு நிற்க வேண்டிய இடத்துக்கு அரை முழம் கீழேயே வெட்டி இழுத்ததுபோல நின்றது; ஊசலாடியது; கிடங்குக்குள் இடையில் நீட்டியிருந்த உள்தட்டின் இரும்பு விளிம்பில் போய் மோதியது. இரண்டு மூட்டை நழுவின. கீழே ஒருவன் நின்றிருந்தான், என் வயதுக்காரன். அப்போதுதான் வெற்றிலை எச்சிலைத் துப்ப இரண்டு எட்டு தள்ளிப் போயிருந்தான். அவன் நின்ற இடத்தில் மூட்டைகள் வெடித்துக் கோதுமை சிதறியது.

அவன் இரும்பு ஏணியில் ஏறி மேலே வந்தான். வின்ச் பக்கம் போகவில்லை. நேரே என்னிடம் வந்தான். சத்தம் போடவில்லை; சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் வின்ச்சப் பாக்கல" என்றான். "வின்ச்சுல எவன் நிக்கான், என்ன குடிச்சான், ஒண்ணும் எனக்குத் தெரியாது. ஒங் கையத்தான் பாத்துக்கிட்டு நிக்கேன். கை ஒன்னோடது."

அத்தான் வின்ச்சை விட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "நேத்து எங்க அப்பாவுக்குத் திவசம் மாப்ள" என்றார். "நான் தொடவே இல்ல. இன்னைக்கும் தொடல. நீ எதுக்கு முந்திப் பிடிச்ச?"

எதுக்கு என்று நான் எப்படிச் சொல்ல. பல மாதங்களாக நான் அவருக்குச் சிக்னல் காட்டவே இல்லை, அவருடைய குடிக்குத்தான் காட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏணியில் இறங்கிப் போய்க் கோதுமையை அள்ளினேன். அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள்.

அடுத்த நாள் காலை பஸ் பிடித்துத் திருச்செந்தூர் போனேன். முடி எடுக்கிற இடத்தில், நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "நேர்ச்ச நெறவேறிட்டுதா" என்று கேட்டார்.

"இல்ல."

"பின்ன எதுக்கு எடுக்கிய?"

"அரிக்கி."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, "அதுவும் ஒரு காரணந்தான்" என்று தண்ணீர் தெளித்தார். முருகனிடம் போய், உன் கணக்கில் ஒன்றும் தப்பில்லை, நான்தான் என்னுடையது அல்லாததை நேர்ந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அங்கிருந்து நேரே அக்கா வீடு. அக்கா பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். வழுவழுவென்ற என் முகத்தைப் பார்த்ததும் சுளகு நின்றது.

"அவிய விட்டுட்டாவளா?"

"இல்லக்கா. நான் விட்டுட்டேன்."

நடந்ததை எல்லாம் சொன்னேன். ஏலக்காய், மோப்பம், அம்மாவின் சீக்கு, முந்திப் பிடித்த கை. அக்கா கேட்டு முடித்தாள். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஏல, ஒண்ணு கேக்கேன்" என்றாள். "அவிய குடிக்கிறது ஒனக்கு வெசனமா, இல்ல, ஒம் பேச்சக் கேட்டு நிறுத்தலங்கிறது வெசனமா?"

இரண்டும் ஒன்றுதானே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"நான் அவியளத் தேடிப் போறதில்ல. பாத்திருக்கியா? குடிச்சிட்டு வந்தா சண்ட போடுறதில்ல, சோறு போடுறதும் இல்ல. பிள்ளையளக் கூட்டிக்கிட்டு அந்த அறையில போய்ப் படுத்துக்கிடுவேன். காலைல தெளிஞ்சு எந்திரிச்சா இட்டிலி உண்டு. கேட்டா ஆசுபத்திரிக்குக் கூட வருவேன். அதுக்கு மேல என்னால ஏலாது. ஒன்ன மாரி நானும் அவிய பின்னால அலைஞ்சா இந்தப் பயற யாரு பொடைக்க?"

இரண்டு வருஷமாக அவள் இதைத்தான் செய்துவந்திருக்கிறாள். நான் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று அம்மாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அத்தான் வந்தார். அன்றும் தெளிவாகத்தான் இருந்தார். நான் பஸ்ஸில் வரும்போதே ஒரு பிரசங்கம் தயாரித்து வைத்திருந்தேன். அதில் நல்ல உவமைகள் எல்லாம் இருந்தன. அவர் முகத்தைப் பார்த்ததும் அத்தனையும் போய்விட்டது.

"அத்தான், இனி நான் காலைல சைக்கிள் கொண்டு வரமாட்டேன்."

"வராத."

"மேஸ்திரிட்ட பொய் சொல்லமாட்டேன். அம்மாவுக்கு இனிமே ஒண்ணும் ஆகாது."

"அத்தைக்கு என்ன ஆச்சு?" பாவம், அவருக்கு இதுவும் தெரியாது.

"ஒண்ணும் ஆகல. நீங்க குடிச்சிட்டு வின்ச்சுல ஏறினா நான் கையக் கட்டிருவேன்."

அதுவரை பாதிச் சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எனக்கா?" என்றார். "வேல வாங்கிக் குடுத்தவனுக்கா?"

"ஒங்களுக்குத்தான்."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா சுளகை எடுத்துக்கொண்டாள்.

சொல்லிவிடுவது எளிது என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. தேடிப் போகாமல் இருப்பதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கால்கள் என்னைக் கேட்காமல் செருப்புக்குள் போய்விடும். தேடப் போகவில்லை, சும்மா கடற்கரைக்கு என்று சொல்லிக்கொள்வேன். கடற்கரைச் சாலையில் போய்ச் சங்கு குளிக்கும் வள்ளங்களை எண்ணுவேன். எண்ணி முடித்ததும் திரும்பாமல் தெற்கே நடப்பேன். தெற்கேதான் உப்பளம், அதற்கு அப்பால்தான் அந்தக் காடு. பாதியில் நினைவு வந்து, கடையில் நின்று ஒரு வத்திப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்புவேன். பீடி குடிக்காதவன் வீட்டில் வத்திப்பெட்டியாகச் சேர்ந்தது. "நீ எதையாவது கொளுத்தப் போறியால" என்று அம்மா கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலின் காலோடு என் காலைத் துண்டால் கட்டிக்கொண்டு படுத்துப் பார்த்தேன். வாசலில் யாரோ கூப்பிட, மறந்துபோய் எழுந்து கட்டிலோடு விழுந்தேன். கூப்பிட்டது கருப்பட்டி விற்கிறவர்.

காலையில் துறைமுக வாசலில் அவர் வருகிறாரா என்று பார்ப்பேன். வருவார், தனியாக, நடந்து. என்னோடு பேசமாட்டார். நான் முந்திப் பிடிப்பதை விட்டுவிட்டேன். அவர் கை நின்ற இடத்தில் நின்றது. சில நாள் சரியாக நின்றது. சில நாள் அரை முழம் தாண்டியது. அப்படித் தாண்டும்போதெல்லாம் கீழே நிற்பவன் என் கையையே பார்ப்பான்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை. ஏலக்காய் வாசனையே போதுமாயிருந்தது. இப்போது அவரே வாங்கிப் போட்டுக்கொள்கிறார். அவர் வின்ச்சுக்கு ஏறுகிற படியில் கால் இடறிப் பிடித்துக்கொண்டார். ஏறி நின்று கைப்பிடியைப் பிடித்து என்னைப் பார்த்தார். கீழே எட்டுப் பேர். நான் உள்ளங்கையைத் தூக்க வேண்டிய நேரம்.

கையைக் கட்டிக்கொண்டேன்.

கைகளைக் கட்டுவது அவ்வளவு கஷ்டமான காரியம் என்று யாரும் சொன்னதில்லை. பக்கத்துக் கப்பலின் வின்ச் ஓடிக்கொண்டிருக்க எங்களுடையது மட்டும் சும்மா நின்றது. கப்பல் அதிகாரி ஒருவர் மேலேயிருந்து எனக்குப் புரியாத பாஷையில் திட்டினார். எந்தப் பாஷையிலும் திட்டு புரியும். கீழேயிருந்து ஒருவன், "என்னல, சாமி வந்துட்டா" என்றான். அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடியை அவர் தொடவில்லை. அந்த நிலையிலும் வழக்கத்தை மீறவில்லை. அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

மேஸ்திரி வந்தார். "என்ன விசயம்?"

"அத்தான் இன்னைக்கு வின்ச்சுல ஏறக்கூடாது அண்ணாச்சி."

"ஏன், ஒங்க அம்மைக்கு முடியலையா?"

"அம்மா நல்லா இருக்கா. எப்பவும் நல்லாத்தான் இருந்தா."

"அது எனக்கு அந்த ஒலக்கையப் பாத்தப்பவே தெரியும்" என்றார் மேஸ்திரி. "நீ எப்ப சொல்லுவன்னுதான் இருந்தேன்." பிறகு வின்ச்சைப் பார்த்து, "இறங்கும்வே" என்றார்.

அத்தானை வின்ச்சிலிருந்து எடுத்து, சிதறின தானியம் கூட்டுகிற வேலைக்குப் போட்டார்கள். அவர் துடைப்பத்தை வாங்கவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது நின்று ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். வீட்டில் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "கூடப் பெறந்தவ வயித்துல அடிச்சிட்டு வந்து சோறு கேக்கான்" என்று சுவரிடம் சொன்னாள். நியாயந்தான் என்றே எனக்கும் பட்டது. போய் மேஸ்திரியின் காலில் விழுந்தால் என்ன என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கிளம்பினேன். நாலு வத்திப்பெட்டி வாங்கினேன்.

மூன்றாம் நாள் விடியும்போது அக்கா வீட்டிலிருந்து மெய்யாகவே ஆள் வந்தது. அத்தான் ஒரேயடியாக நிறுத்தியிருந்தார், வீம்புக்கு. உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்துவிட்டது. இல்லாத பூச்சியைத் தட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டார்கள், ஓடினேன். கூப்பிட்ட பிறகு ஓடுவதும் கூப்பிடாமல் ஓடுவதும் ஒன்றில்லை என்று அப்போதுதான் காலுக்கே தெரிந்ததுபோல இருந்தது. குதிரை வண்டியில் அவரைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் அவரிடம் கேள்வி கேட்டார். எத்தனை வருஷமாக, ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது. எல்லாவற்றுக்கும் நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "நோயாளி நீங்களா?" என்று கேட்டார். அக்கா என்னை வெளியே அனுப்பினாள். இப்படித் திடுதிப்பென்று தனியாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, இங்கே வந்து நிறுத்த வேண்டும் என்று டாக்டர் சொன்னதை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். கையைக் கட்டும்போது எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் கட்டித்தான் இருக்க வேண்டும். ஆனால் கட்டின கையோடு டாக்டர் வீட்டுக்கும் வழி சொல்லியிருக்கலாம்.

பன்னிரண்டு நாள் அங்கே கிடந்தார். நான் அக்கா கேட்ட நாட்களில் சோறு கொண்டு போனேன். கேட்காத நாட்களில் கடற்கரையில் வள்ளங்களை எண்ணினேன். வெளியே வந்த பிறகு அவராகவே மேஸ்திரியிடம் போய்த் துடைப்பத்தை வாங்கிக்கொண்டார். மூன்று மாதம் கூட்டினார். அப்புறம் ஒரு நாள் மேஸ்திரி வின்ச்சைக் காட்டி, "ஏறும்" என்றார். முதல் சிலிங்குக்கு நான் கை காட்டினேன். அவர் இறக்கினார். கீழே இருந்தவன் நிமிர்ந்து பார்த்து, "வந்துட்டா" என்று கேட்டான்.

என்னோடு பேச்சு வந்துவிட்டது. ஆனாலும் குடியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எடுத்ததில்லை, நானும் எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் இருமினால் திரும்பிப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வானத்தைப் பார்ப்பதுபோல நடிப்பேன்.

எட்டு மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை உடன்குடியில் அவர் பக்கத்து உறவில் ஒரு கல்யாணம். திங்கட்கிழமை காலையில், கப்பல் ஏணிக்குக் கீழே மேஸ்திரியோடு அவர் நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போகவில்லை. காது மட்டும் போயிற்று.

"நேத்து குடிச்சிட்டேன் அண்ணாச்சி. கை இன்னும் சரியில்ல. இன்னைக்கு நான் ஏறல, வேற ஆளப் போடுங்க."

மேஸ்திரி, "சரி. நாளைக்கு வாரும்" என்று சொல்லி, வேறொருவரைக் கூப்பிட்டார்.

அத்தான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். துறைமுகத்திலிருந்து ஊருக்குப் போகிற அந்த நீளச் சாலையில் மரமும் கிடையாது, நிழலும் கிடையாது. கடல் காற்றில் அவர் வேட்டி ஒரு பக்கமாகப் படபடத்தது. அவர் எந்தப் பக்கம் திரும்புவார், அக்காவிடம் என்ன சொல்வார், உடைமரக் காட்டைத் தாண்டித்தானே போக வேண்டும். கப்பலில் ஏறச் சொல்லி மேஸ்திரி கூப்பிட்டார். "இந்தா வந்திருதேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடினேன்.

மூச்சு வாங்க அவர் பக்கத்தில் போய், "ஏறுங்க அத்தான். வீட்டுல கொண்டு விட்டுட்டு வந்திருதேன். அக்காட்ட நானே சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

அவர் நடையை நிறுத்தவில்லை.

"எனக்கு வழி தெரியும் மாப்ள."